இந்தக் காசு இன்னா வெலைக்குப் போவும்?

பழைய காசு வாங்கி விற்கிறவர்களுக்கு உடம்பில் முதலில் கெடுவது கண் என்பார்கள். எனக்குக் கெட்டது தொண்டை.

கள்ளக்குறிச்சி கடைவீதியில் என் வீட்டுக்காரருக்கு வாட்ச் ரிப்பேர் கடை. அந்தக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் பாதி அவருடையது, பாதி என்னுடையது. அவர் பக்கம் ஓடாத கடிகாரங்கள், என் பக்கம் செல்லாத காசுகள். கடைத்தெருவில் என்னைக் காசுக்காரம்மா என்பார்கள். அந்தப் பேரைக் கேட்டுவிட்டு வட்டிக்குப் பணம் கேட்டு வந்தவர்களும் உண்டு. அவர்களைச் சமாளிப்பது சுலபம், இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போய்விடுவார்கள். பழைய காசோடு வருகிறவர்கள் அப்படிப் போவதில்லை. எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, 'இது இன்னா வெலைக்குப் போவும்?' என்பார்கள். சொன்னால், 'ஏன் அவ்ளோதான்?' என்பார்கள். என் தொண்டை போனது இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

விலை என்பதை நான் ஒன்றும் ஆகாயத்திலிருந்து பிடுங்கிச் சொல்வதில்லை. வருடத்துக்கு ஒருமுறை வருகிற விலைப் புத்தகம் இருக்கிறது. ஆனால் அதில் போட்டிருக்கும் பெரிய விலையெல்லாம் நாணயச்சாலையிலிருந்து வந்தபடி கைபடாமல் இருக்கிற காசுக்கு. நம் ஊர்க் காசுகளோ நாலு தலைமுறை மடியில் உரசியவை. ஏலத்தில் போன விலையைப் பார்க்கலாம். சில நாள் அது அந்தக் காசின் விலையே இல்லை, ஏலத்துக்கு வந்த இரண்டு பணக்காரர்களின் வீம்புக்கு விலை. சென்னையிலும் சேலத்திலும் நாணயக் கண்காட்சி போட்டால் போய் மேஜை மேஜையாக விசாரிப்பேன். இதையெல்லாம் கூட்டிக் கழித்து, கடைசியாக நிஜமாகவே யாரோ கொடுத்து யாரோ வாங்கிய விலை எதுவோ அதைத்தான் சொல்வேன். இதே தொழிலில் இருப்பவர்களே, இல்லாவிட்டாலும் சொந்தக்காரர் நீட்டிய துருப்பிடித்த காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முழித்தவர்களே, நான் வாங்கிக் கட்டிக்கொண்டதில் கொஞ்சம் உங்களுக்கும் சொல்கிறேன்.

மூன்று லட்சத்து இரண்டு ரூபாய்

சின்னசேலத்திலிருந்து பிரகாஷ் என்று ஒரு பையன் வந்தான். கூரியர் கம்பெனியில் வேலை. வண்டியை ஆஃப் செய்யாமலே உள்ளே வந்து, இந்திய வரைபடம் போட்ட இரண்டு ரூபாய் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தான். பக்கத்திலேயே செல்போனையும் வைத்தான். செல்போனில் அதே காசின் படம், கீழே மூன்று லட்சம் ரூபாய் என்று விலை. 'எனக்கு ரெண்டு லட்சம் குடுத்தாப் போதும்க்கா, மிச்சம் நீங்க எடுத்துக்கங்க' என்றான். நல்ல பிள்ளை, எனக்கு ஒரு லட்சம் லாபம் விட்டுக்கொடுக்கிறான்.

என் டப்பாவைத் திறந்து, அதே காசு குவியலாகக் கிடப்பதைக் காட்டினேன். ஒன்று இருபது ரூபாய்க்குத் தருகிறேன், அள்ளிக்கொண்டு போய் லட்சாதிபதி ஆகிக்கொள் என்றேன். அவன் செல்போனையே காட்டினான். அந்த விளம்பரத்தை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். போட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, இன்னும் விற்காமல் அப்படியே கிடந்தது. 'தம்பி, இது கேக்கற வெல, வித்த வெல இல்ல. எங்க வூட்டுக்காரரோட பழைய ஸ்கூட்டருக்குக்கூட நான் பத்து லட்சம்னு போட்டு வெக்கலாம், யாரு கேக்கப் போறாங்க?' என்றேன். வெளியே அவன் வண்டி உறுமிக்கொண்டே இருந்தது. அவன் காசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, எனக்குப் புரியவைக்கிற பொறுமையோடு சொன்னான்:

"யாரும் வாங்கலன்றதுக்காக வெல தப்புன்னு ஆயிடுமாக்கா?"

குளித்து வந்த ராணி

வடக்கனந்தலிலிருந்து செல்வி என்ற அம்மாள் ஒரு வெள்ளி ரூபாய் கொண்டுவந்தார். விக்டோரியா ராணி முகம். அந்தக் காசு ஊருக்கு நாலு வீட்டில் இருக்கும், ஆனால் இது பெட்டியிலேயே கிடந்த காசு. எழுத்து தேயவில்லை. ஓரத்தில் நீலமும் செம்பொன்னுமாக ஒரு கறுப்பு படிந்திருந்தது. அந்தக் கறுப்புதான் அழகு. அது வரப் பல வருடம் ஆகும், யாரும் செய்துவிட முடியாது. வெள்ளி விலைக்கு மேலே நன்றாகவே சேர்த்து ஒரு விலை சொன்னேன். 'வூட்ல கேட்டுக்கினு வரேன்' என்று எடுத்துப் போனார்.

அடுத்த வாரம் வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். காசு வெயிலில் வைத்த எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னியது. புளி போட்டு, சாம்பல் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறார்கள். ராணியின் கன்னமெல்லாம் கீறல். நான் என்ன செய்வது? இனிமேல் இதைச் சேகரிக்கிறவர்கள் தொடமாட்டார்கள், வெள்ளியின் எடைக்கு என்ன வருமோ அதுதான் என்று மென்று முழுங்கிச் சொன்னேன். செல்வியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னியப் பொண்ணு பாக்க வந்தப்பகூட எங்க வூட்ல இப்டித் தேச்சிக் குளிப்பாட்டலம்மா. அழுக்கா இருந்தா ஜாஸ்தி, சுத்தமா இருந்தா கம்மியா? இன்னா கடை வெச்சினுகிற நீ!"

பந்தியில் ஒரு பரிசோதனை

டாக்டர்கள் கல்யாண வீட்டுக்குப் போனால் மூட்டுவலிக்காரர்கள் பக்கத்தில் வந்து உட்காருவார்களாம். எனக்கும் அதே கதிதான். ஒரு கல்யாணத்தில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து இலைப் பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு செப்புக் காசை எடுத்து என் அப்பளத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ராமர் பட்டாபிஷேகம் போட்ட காசு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தது என்றார், காந்தம் மாதிரி அரிசியை இழுக்கும் என்றார், கோடிக்கணக்கில் கேட்கிறார்கள் என்றார். கம்பெனிக்காரன் அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. அதெல்லாம் யாத்திரை போகிற இடங்களில் கடை போட்டு விற்கிற வில்லை, ஐம்பது நூறுக்கு மேல் போகாது.

சோறு ஆறுகிறதே என்ற கவலையில், 'எங்க, இழுக்குதான்னு பாப்போம்' என்று சொல்லித் தொலைத்தேன். அவர் நிஜமாகவே காசை இலைமேல் நிறுத்தி, சோற்றுப் பருக்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். எதிர்ப் பந்தியிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பருக்கை அசையவில்லை. பெரியவர் கொஞ்சமும் அசரவில்லை. காசைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"வெந்த சோத்த இழுக்காதும்மா. பச்சரிசியா இருக்கணும். கை கழுவிட்டு வா, சமையக்கட்டுல போய்ப் பாப்போம்."

எட்டும் ஒன்பதும்

வெள்ளி ரூபாய்களில் 1939 என்று போட்ட ஆறாம் ஜார்ஜ் ரூபாய் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தால் லட்சக்கணக்கில் போகும். அதற்கு முந்தின வருடக் காசு தாராளமாகக் கிடைக்கும். ஆகவே நம் ஆட்களில் சில கைகாரர்கள் 1938இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கி விற்பார்கள்.

உளுந்தூர்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிற கோதண்டம் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். யாரோ ஊர் ஊராகப் போகிற வியாபாரி, கஷ்டம் என்று சொல்லி நாற்பதாயிரத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனானாம். லட்சத்தில் போகிற காசு நாற்பதாயிரத்துக்குக் கிடைத்ததே என்று கோதண்டம் மனைவிக்குக்கூடச் சொல்லாமல் சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கியிருக்கிறார். என் வீட்டுக்காரர் வாட்ச் பார்க்கிற கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஒன்பதின் இடது கீழ்ப்பக்கம் உளியின் தடம் தெரிந்தது, எட்டின் அடி வளையம் இருந்த இடம் பள்ளமாக இருந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திரும்பவும் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. விரல் நுனியில் ஊசிக் காயங்கள் இருந்த கையை நீட்டி, என் கண்ணிலிருந்து அந்தக் கண்ணாடியை மெதுவாக இறக்கினார்.

"கண்ணாடிய எடுத்துட்டுப் பாரும்மா. ஒம்போது மாதிரிதான இருக்குது?"

சேலத்துக் கூட்டாளி

வெளியாட்கள்தான் இப்படி என்று நினைக்கக் கூடாது, எங்கள் தொழில் ஆட்களும் இப்படித்தான். சேலத்தில் எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் இருக்கிறார், பேர் வேண்டாம். அவரிடம் ஒரு அரையணாக் காசு விற்கப் போனேன். லைட்டடியில் வைத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். ராஜாவின் முடி தேய்ந்துவிட்டது, காது தெரியவில்லை, ஓரத்தில் அடி என்று ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வது போலச் சொல்லி, நான் கேட்டதில் பாதி கொடுத்தார். நானும் எனக்குத்தான் கண் சரியில்லையோ என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

நாலு மாதம் கழித்து ஒரு கண்காட்சியில் அவர் மேஜையில் அந்தக் காசைப் பார்த்தேன். ஓரத்து அடியை வைத்து அடையாளம் தெரிந்துவிட்டது. புது உறையில் போட்டு, 'மிக நல்ல நிலை' என்று சீட்டு ஒட்டி, எனக்குக் கொடுத்ததைப் போல ஐந்து மடங்கு விலை போட்டிருந்தார். 'அண்ணா, இதுக்குக் காது எப்ப மொளச்சிது?' என்று கேட்டேன். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"அன்னிக்கு அது உங்க காசு, இன்னிக்கு என் காசு. அவ்வளவுதாம்மா வித்தியாசம்."

மண்ணிலிருந்து வந்தது

திருநாவலூர்ப் பக்கம் பள்ளம் தோண்டிய ஜேசிபி டிரைவர் ஒருவர் ஒரு கை செப்புக் காசுகளைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு வந்தார். மண் இன்னும் காயவில்லை. ஒன்றைத் துடைத்துப் பார்த்தேன். சோழர் காசு, ஒரு பக்கம் நிற்கிற உருவம், மறு பக்கம் உட்கார்ந்த உருவம். அவர் காதோரம் வந்து, 'தங்கம் கலந்துருக்கும்ல?' என்றார். இல்லை, செம்பு. இந்த வகை நிறையக் கிடைத்திருக்கிறது, கண்காட்சியில் ஒன்று சில நூறு ரூபாய்க்குப் போகும், அவ்வளவுதான். ஆனால் மண்ணிலிருந்து கிடைத்ததை நான் தொடமாட்டேன், நீங்களும் விற்கக் கூடாது, தாலுகா ஆபீசுக்குப் போய்த் தாசில்தாரிடம் ஒப்படைத்துவிடுங்கள், அது சட்டம், இல்லாவிட்டால் வம்பு என்று விளக்கினேன். எந்த ஆழத்தில், எந்த இடத்தில் கிடைத்தது என்பது ஆராய்ச்சிக்காரர்களுக்குக் காசைவிடப் பெரிது என்றும் சொன்னேன். மனிதர் ரொம்பக் கவனமாகத் தலையாட்டிக் கேட்டார். பரவாயில்லை, ஒருவருக்காவது புரிந்ததே என்று நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் கேட்டார்:

"தாசில்தார் ஒண்ணு இன்னா வெலைக்கு எடுத்துப்பாரு?"

ஒரே பஸ்

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கமிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன் வெள்ளையன், தம்பி பொன்னுசாமி. சாமையும் கொஞ்சம் கடுக்காயும் விற்றுவிட்டு அப்படியே வந்திருந்தார்கள். இருந்த இரண்டு ஸ்டூலில் ஒன்றை மட்டும் அண்ணன் எடுத்துக்கொள்ள, தம்பி வாசல்படியிலேயே நின்றார். செத்துப்போன அம்மாவின் கழுத்து மாலையைப் பாகம் பிரிக்க வேண்டுமாம். வெள்ளி ரூபாய்களுக்குக் காது வைத்துப் பற்றவைத்துக் கறுப்புக் கயிற்றில் கோத்த மாலை. அதில் ஒன்றில் மட்டும் ராணி முகம், மற்றதெல்லாம் ராஜா முகம். ராணிக் காசு ஒன்றே லட்சம் போகும் என்று ஊரில் யாரோ கொளுத்திப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு குடும்பமும் பேசிக்கொள்வதில்லை. தம்பிக்குச் சொல்ல வேண்டியதை அண்ணன் என்னிடம் சொன்னார், அண்ணனுக்குச் சொல்ல வேண்டியதைத் தம்பியும் என்னிடமே சொன்னார். ஒரு எட்டு தூரத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் நான் தபால்காரியாக இருந்தேன்.

அந்த ராணிக் காசு நிஜமாகவே அபூர்வமான வருடமாக இருந்துவிட்டால் என்ன சொல்வது? ஒவ்வொன்றாகப் பார்த்தேன், தராசில் வைத்தேன், வருடத்தைப் புத்தகத்தோடு சரிபார்த்தேன். எல்லாமே சாதாரண வருடங்கள். அப்படியே நல்ல வருடமாக இருந்தாலும், காது வைத்துப் பற்றவைத்த காசைச் சேகரிக்கிறவர்கள் வாங்கமாட்டார்கள். ராணிக்கும் ராஜாவுக்கும் ஒரே விலை, வெள்ளி என்ன விலையோ அதுதான் என்றேன். வழக்கம்போல 'ஏன் அவ்ளோதான்?' வரும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். வரவில்லை. தம்பி வாசல்படியை விட்டு உள்ளே வந்து மாலையை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். 'அண்ணி போட்டுக்கட்டும்' என்றார். அண்ணன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"நல்லவேளம்மா, ஒண்ணும் பெருசா இல்ல. இருந்திருந்தா நாங்க ரெண்டு பேரும் ஒரே பஸ்ல மல ஏறியிருக்க மாட்டோம்."

நைனார்பாளையத்து ஏழுமலை

சிரித்துவிட்டு நகர முடியாத ஒன்றும் இருக்கிறது. ஏழுமலை நைனார்பாளையத்தில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளமும் மரவள்ளியும் போடுகிறவர். முன்பு ஒருமுறை வாட்ச் ரிப்பேருக்கு வந்த பழக்கம். ஒருநாள் மனைவி தனத்தோடு வந்து, வைஷ்ணவ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய் ஒன்றை வெற்றிலையில் சுற்றி எடுத்து வைத்தார். செல்போனில் ஒரு வீடியோ பார்த்து, அதிலிருந்த நம்பருக்குப் பேசியிருக்கிறார். இந்தக் காசுக்குப் பத்து லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 'எங்கிட்ட பேசறவரு என்ன சார் சார்னுதாம்மா கூப்புடறாரு' என்று கூச்சத்தோடு சிரித்தார். அதுவரை அவரை யாரும் சார் என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பெண் சேலத்தில் நர்சிங் படிக்கிறாள், அவள் படிப்பை முடித்து, குத்தகை நிலத்தையும் கிரயம் பண்ணிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். 'ஒரிஜினல்தானான்னு மட்டும் பாத்துச் சொல்லும்மா, போதும்' என்றார்.

ஒரிஜினல்தான். இப்போதும் செல்லும், எத்தனையோ லட்சம் காசு அடித்திருக்கிறார்கள். பத்து ரூபாய்க்குப் போகும், புத்தம் புதிதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும் என்று சொன்னேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. காசின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். 'அவரு அப்பவே சொன்னாரும்மா. உள்ளூர் யாவாரிங்க கம்மியா சொல்லிப் புடுங்கிக்கப் பாப்பாங்க, ஏமாந்துறாதீங்க சார்னு சொன்னாரு' என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. 'அண்ணா, வாங்கறவங்க உங்ககிட்ட ஏதாச்சும் பணம் கேக்கறாங்களா?' என்றேன். ரெஜிஸ்டர் பண்ண மட்டும், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்றார். 'வாங்க வர்றவன் பணம் குடுப்பான்ணா. உங்ககிட்ட கேக்கறான்னா அவன் வாங்க வந்தவன் இல்ல' என்றேன். என் வீட்டுக்காரரும் எழுந்து வந்து சொல்லிப் பார்த்தார். தனம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னை நம்பினார் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் ஏழுமலை எழுந்து நடக்க, அவரும் பின்னாலேயே போனார்.

மனசு கேட்கவில்லை. போன் பண்ணினால் ஏழுமலை எடுக்கவில்லை. ஒருமுறை தனம் எடுத்து, 'சொன்னா கேக்க மாட்டேன்றாரும்மா' என்று குரலை இறக்கிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் ஸ்கூட்டரில் நைனார்பாளையம் போனோம். ஏழுமலை எங்களை நாற்காலி போட்டு உட்காரவைத்தார். தப்பு செய்துவிட்டு மன்னிப்புக் கேட்க வந்தவர்களை உபசரிப்பது மாதிரி இருந்தது அது. 'செவ்வாக்கெழம பணம் அக்கவுண்ட்ல ஏறிடும்மா. வரி மட்டும் கட்டச் சொன்னாங்க, கட்டிட்டேன்' என்றார். தனம் எங்களுக்குப் பால் இல்லாத டீ கொண்டுவந்து கொடுத்தார். கொட்டகையில் கட்டுத்தறி காலியாக இருந்தது. கறவை மாடு எங்கே என்று நான் கேட்கவில்லை. தனத்தின் காதில் தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி இருந்ததைப் பார்த்த பிறகு கேட்க என்ன இருக்கிறது?

மரவள்ளி பிடுங்குகிற சமயத்தில் ஏழுமலை தனியாகக் கடைக்கு வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. ரெஜிஸ்டருக்கு ஒன்று, வரிக்கு ஒன்று, காசைக் கொண்டுபோகிற வண்டிக்கு இன்சூரன்ஸ் என்று ஒன்று, கேட்கக் கேட்கக் கட்டியிருக்கிறார். பெண்ணின் காலேஜ் பணமும் அதில் போய்விட்டது. கடைசியில் அந்த நம்பர் அணைந்துவிட்டது. 'சார்' என்று கூப்பிட்ட குரலும் அதோடு போயிற்று. என் வீட்டுக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். மரியாதையாகத்தான் விசாரித்தார்கள், சைபர் கிரைமில் புகார் பதிந்து கொடுத்தார்கள். புகார் எண் செல்போனுக்கு வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் இந்த வருடம் காலேஜுக்குப் போகவில்லை, ஜவுளிக்கடையில் நிற்கிறாள். அடுத்த வருடம் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகக் காலேஜில் சொல்லியிருக்கிறார்களாம்.

ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்து, எதிர்க்கடையில் டீ குடித்தோம். காசு நான்தான் கொடுப்பேன் என்று ஏழுமலை பிடிவாதமாக நின்று, மடியிலிருந்து சில்லறையை எடுத்து டீக்கடைக்காரரிடம் எண்ணிக் கொடுத்தார். அதில் அந்த வைஷ்ணவ தேவி காசும் இருந்தது. டீக்கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் அஞ்சு ரூபாயாக டப்பாவில் போட்டார். நான் பார்த்துவிட்டதை ஏழுமலையும் பார்த்துவிட்டார். அவர் குரலில் கோபமே இல்லை, எனக்கு யோசனை சொல்கிற மாதிரிதான் சொன்னார்:

"நீ அன்னிக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்மா. அஞ்சாயிரம் போவும்னு சொல்லியிருந்தீன்னா, நம்பி ஒங்கிட்டயே குடுத்துட்டுப் போயிருப்பேன். பத்து ரூபான்னு சொன்ன பாரு, அதான் நீதான் திருடின்னு நெனச்சிட்டேன்."

காசுக்கு விலை கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை, புத்தகமும் பூதக்கண்ணாடியும் இருந்தால் போதும். சொன்னால் ஆள் நம்புகிற விலை எது என்பதுதான் இத்தனை வருடத்தில் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.